ஒரு வீட்டுக்கு ஒரு குடம்

ஜனவரி 19

அன்பு மருமகளுக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி? குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இருமல் குறைந்தவளின் கையெழுத்து அப்படி ஆடாது. வெந்நீர் குடி.

விடுதியில் வேலை எப்போதும்போல. துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கியடித்து நிற்பதால் மாலுமிகள் கூட்டம். விரிப்பு மாற்றப் போனால் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு ராகத்தில் குறட்டை. நான் எல்லாரிடமும் கேட்கிறேன். "நல்ல உசரம். இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். சிரிச்சா முதல்ல தோள்தான் குலுங்கும். எங்கயாச்சும் பாத்தீங்களா?" மேனேஜர் கூப்பிட்டு, "அம்மா, கேளுங்க, வேண்டாங்கல. தூங்குறவங்கள எழுப்பிக் கேக்காதீங்க" என்றார். அதுவும் நியாயம்தான். இப்போது விழிக்கும்வரை காத்திருந்து கேட்கிறேன்.

பக்கத்து வீட்டு ரேடியோ ரிப்பேர்க்காரர் தினம் சாயங்காலம் படகுக்காரர்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசையை எனக்காகத் திருகி வைக்கிறார். இரைச்சல்தான் வருகிறது. இரைச்சலாவது வருகிறதே.

இப்போது முக்கியமான விஷயம். ஜூனில் குடநடை. என் மகன் போன படகு திரும்பாமல் இருக்கிற காலத்தில் இது மூன்றாவது. போன வருஷம் உங்கள் முதலாளி "என்ன குடம், என்ன நடை" என்று லீவுக்கு இழுத்தடித்தாரே, இந்த முறை இதை அவருக்குப் படித்துக் காட்டு. ஐயா, கடலில் இருக்கும் உப்புத்தாய்க்கு எப்போதும் தாகம். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. அதனால் கடலுக்குப் போனவர்களின் வீட்டார் வருஷத்துக்கு ஒருமுறை மலையடி ஊற்றில் நல்ல தண்ணீர் மொண்டு, ஆற்றங்கரையோடு நடந்து, முகத்துவாரத்தில் அவளுக்கு ஊற்றுவோம். குடித்த நன்றிக்கு அந்த ஆள் எங்கிருந்தாலும் அவன்மேல் ஒரு கண் வைத்திருப்பாள். ஆள் இறந்துவிட்டான் என்று வீடு ஏற்றுக்கொண்டால் காலிக் குடத்தோடு நடந்து, கடல் தண்ணீரை மொண்டுவந்து வாசற்படியில் ஊற்றுவோம். அதோடு அவள் கண்ணை எடுத்துவிடுவாள். அவன் பெண்டாட்டி இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு குடம்தான். நிறைகுடத்தின் வாயை மனைவிதான் துணியால் கட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் குடம் நிறைகுடம். ஆகவே என் மருமகளுக்கு லீவு கொடுங்கள்.

இதற்கும் கொடுக்காவிட்டால் நானே வந்து அவர் வாசலில் உட்காருவேன் என்று சொல்.

இப்படிக்கு,
முழங்காலைத் தவிர வேறு குறையில்லாத
உன் அத்தை


பிப்ரவரி 7

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். இருமல் நிஜமாகவே போய்விட்டது. உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

உங்கள் கடிதத்தை முதலாளியிடம் படித்துக் காட்ட எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டர்தான் வாங்கி, கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, பட்டறை முழுக்கக் கேட்கும்படி படித்தார். "வாசல்ல உக்காருவேன்" என்ற இடம் வந்ததும் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. முதலாளி, "அந்தம்மா செஞ்சாலும் செய்வாங்க போலிருக்கு" என்று லீவு கொடுத்துவிட்டார். ஜூனில் கட்டாயம் வருகிறேன்.

இங்கே பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு நேரம். நாள் முழுக்கக் கழுத்துப் பட்டைதான். கண்ணை மூடினாலும் வெள்ளைக் கழுத்துகள் வரிசையாக வருகின்றன, உள்ளே தலை இல்லாமல். அறையில் குளிர் தாங்கவில்லை. ஜன்னல் கதவு இறுகிப்போய் மூடவே வராது. கட்டிங் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வந்து இழைத்துச் சரிசெய்து கொடுத்தார். விடுதிக்காரம்மா பக்கத்திலேயே நின்று காவல் காத்தார்கள், நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம்.

என்னோடு தங்கியிருக்கும் பொத்தான்காரி குளிருக்கு உங்கள் மகனுடைய நீல ஸ்வெட்டரைக் கேட்டாள். கொடுக்கவில்லை. அது காயவில்லை என்றுதானே அன்றைக்கு விட்டுவிட்டுப் போனார். "வந்ததும் எடுத்துக்கறேன், பெட்டியில வை" என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். பெட்டியில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை வெயிலில் போட்டு எடுக்கிறேன்.

படகுகளைப் பற்றி ஏதாவது செய்தி உண்டா? ரேடியோக்காரருக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மருமகள்


பிப்ரவரி 23

அன்பு மருமகளுக்கு,

நலம். உன் நலம் கையெழுத்திலேயே தெரிந்தது, இந்த முறை வரிகள் நேராக இருந்தன.

கட்டிங் மாஸ்டருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். உரக்கப் படிக்கத் தெரிந்தவர், ஜன்னல் இழைக்கத் தெரிந்தவர், துணி வெட்டவும் தெரியும் என்கிறாய். அவர் வீட்டில் வேலை செய்ய மனைவிக்கு ஒன்றும் மிச்சமிருக்காது போலிருக்கிறதே. கல்யாணமானவரா?

செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் செய்தி இல்லை என்பது கெட்ட செய்தி இல்லை. போன வாரம் ஒரு வயதான கப்பல் சமையல்காரர் வந்திருந்தார். தூரத்துத் தீவுகளில் கரை ஒதுங்கியவர்கள் வருஷக்கணக்கில் அங்கேயே வேலை செய்து பிழைப்பதை அவர் பார்த்திருக்கிறாராம். அவருக்கு இரண்டு தலையணையாகக் கொடுத்தேன்.

அதே படகில் போன இன்னொருவரின் மனைவி, நம் தெருமுனை ஓட்டல்காரி, போன வருஷம் காலிக் குடம் எடுத்தாள் அல்லவா? நிறைகுடக்காரர்கள் முன்னால் பாடிக்கொண்டு போவோம், காலிக் குடக்காரர்கள் பின்னால் பேசாமல் வருவார்கள். நாம் பாடும்போது நான் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தேன். எனக்குக் கோபம். எப்படி மனசு வந்தது இவளுக்கு என்று. இப்போது என்னிடம் வந்து, "நீங்களும் எத்தன நாள் முன்னாடியே நடப்பீங்க, அக்கா" என்கிறாள். "என் கால் இருக்குறவரைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெற்ற வயிறு எனக்குச் சொல்லாதா? அவன் இருக்கிறான்.

குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன். இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று சிரிக்காதே. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

உன் அத்தை


மார்ச் 20

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நலம். உங்கள் நலம் அறிய ஆசை. பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை அதிகம், ஓவர்டைம் போடுகிறார்கள். பொத்தான்காரிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. ஜூனில் வருகிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 1

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதமா, தந்தியா என்று ரேடியோக்காரரிடம் கேட்டேன். தந்தியில்கூட இதைவிட இரண்டு வார்த்தை கூட இருக்கும் என்றார்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? மறைக்காதே. நீ கல்யாணமாகி வந்த புதிதில் கையைச் சுட்டுக்கொண்டு முந்தானைக்குள் ஒளித்து வைத்தாயே, அப்போதே நான் கண்டுபிடித்தேன். எல்லாப் பாத்திரத்தையும் இடது கையால் எடுத்தாய்.

உன் பழைய கடிதங்களை எடுத்துவைத்து இதோடு சேர்த்துப் படித்தேன். எனக்கு வேறு என்ன வேலை. இரண்டு விஷயம் குறைகிறது. ஒவ்வொரு கடிதத்திலும் கட்டிங் மாஸ்டர் வருவார். அளவு தப்பாமல் வெட்டுகிறார், மழையில் குடை கொடுத்தார், எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார் என்று. இதில் ஆளையே காணோம். வேலையை விட்டுவிட்டாரா? இன்னொன்று, படகுகளைப் பற்றி நீ கேட்கவில்லை. கடைசி வரியில் எப்போதும் கேட்பாய். இந்த முறை அந்த இடத்தில் என் முழங்கால் இருக்கிறது.

மறந்திருப்பாய். ஓவர்டைம் என்றால் சும்மாவா. பதில் போடு.

உன் அத்தை


மே 3

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்காருவேன், பொத்தான்காரி விளக்கை அணைக்கச் சொல்வாள், நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிடுவேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை. கையெல்லாம் வெளியேதான் இருக்கிறது, முந்தானைக்குள் இல்லை.

கட்டிங் மாஸ்டர் வேலையை விடவில்லை. இருக்கிறார். நீங்கள் கேட்டிருந்தீர்களே, கல்யாணமாகவில்லை. அம்மா, அப்பா யாரும் இல்லை.

படகுகளைப் பற்றி ஏதாவது செய்தி உண்டா?

அத்தை, ஒரு சந்தேகம். பொத்தான்காரி உங்கள் கடிதத்தில் குடத்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து துளைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரே வீட்டில் ஒருத்தர் நிறைகுடம் என்றும், இன்னொருத்தர் மனசுக்குள் காலிக் குடம் என்றும் நினைத்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுங்கள், அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மருமகள்


மே 11

மருமகளுக்கு,

நலம்.

பொத்தான்காரிக்கு இது எழுதுகிறேன். அவள் வீட்டில் யார் கடலுக்குப் போனார்கள், அவளுக்கு என்ன இந்தச் சந்தேகம்? ஒரு வீட்டுக்கு ஒரு குடம். நிறைகுடம் என்று ஒருத்தி சொன்னாலும் அது நிறைகுடம்தான். உயிரோடு இருப்பவனை இறந்துவிட்டான் என்று உப்புத்தாயிடம் சொன்னால் அவள் நம்பிவிடுவாள். கண்ணை எடுத்துவிடுவாள். அப்புறம் அவன் எந்த அலையில் தத்தளித்தாலும் கேட்க நாதி கிடையாது. அந்தப் பாவத்தை எந்தப் பெற்றவள் செய்வாள்? எந்தக் கட்டியவள் செய்யச் சொல்வாள்?

நான் இருக்கும்வரை இந்த வீட்டுக் குடம் நிறைந்துதான் போகும். வாய் கட்டத் துணி எடுத்துக்கொண்டு வா.

உன் அத்தை


மே 25

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நலம். உங்கள் கடிதத்தைப் பொத்தான்காரியிடம் சொல்லிவிட்டேன். புரிந்துகொண்டாள். இனிமேல் கேட்கமாட்டாள்.

நல்ல வெள்ளைத் துணியாக ஓரம் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். முன்தினமே ஊற்றுக்கு வந்துவிடுவேன். நீங்கள் பஸ்ஸில் முன்பக்க இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள், பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் தாங்காது.

போன வாரம் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். ஒரு கட்டுச் சட்டை முழுக்கக் கழுத்துப் பட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவிட்டேன். கடைசிச் சட்டைவரை எனக்குத் தெரியவே இல்லை. முதலாளி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிரிப்பதற்குப் பொத்தான்காரியும் உட்கார்ந்தாள்.

கட்டிங் மாஸ்டர் வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜூன் கடைசியில் போகிறார். நல்ல மனிதர். போகும் இடத்தில் நன்றாக இருக்கட்டும். ஜன்னல் இப்போது மூடுகிறது, குளிர் இல்லை.

வேறு ஒன்றும் இல்லை, அத்தை. படகுகளைப் பற்றி ஏதாவது செய்தி உண்டா?

என்றும் உங்கள் மருமகள்


ஜூன் 4

அன்பு மருமகளுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. உட்கார்ந்துகொண்டு படி.

செய்தி உண்டா என்று கேட்டாய். உண்டு. போன வாரம் விடுதிக்குப் பின்னால் கரையில் ஒரு பலகை ஒதுங்கியது. பச்சைப் பெயிண்ட், ஓரத்தில் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை அவன் போடும்போது நான் பக்கத்தில் நின்று கோணலாகப் போகிறது என்று சொன்னேன். அதே கோணல். கையால் தடவிப் பார்த்துவிட்டேன். அவர்கள் படகுதான். இனி சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ரொம்ப நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்துபோய்த் தலையணை உறைகளை மாற்றினேன். வேலை நிற்காது அல்லவா.

ஆகவே இந்த வருஷம் நம் வீட்டுக் குடம் காலிக் குடம். காலிக் குடத்துக்கு வாய் கட்ட வேண்டியதில்லை. அதனால் நீ வர வேண்டியதில்லை. லீவு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல், ஆள் துள்ளிக் குதிப்பார்.

இன்னொன்று. அந்தக் கட்டிங் மாஸ்டரிடம் போய், மாற்றல் கேட்டுக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல். யார் சொன்னது என்று கேட்டால், "எங்க அத்தை சொன்னாங்க" என்று சொல். நீ முகம் சிவந்து நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அட அசடே, பொத்தான்காரிக்கு இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் கத்தினேன். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

நீ என் வீட்டுக்கு வந்து அவனோடு வாழ்ந்த காலம் கொஞ்சம். அவனுக்காக உட்கார்ந்திருந்த காலம் அதைவிட அதிகமாகிவிட்டது. அது போதும், கண்ணு.

உன் அத்தை


ஜூன் 12

அத்தை,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள். எதற்கு அழுதேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அவர் போய்விட்டார் என்று ரொம்ப நாளாகவே மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பலகை என்று படித்ததும், இன்றைக்குத்தான் போனதுபோல் இருந்தது.

நீங்கள் தனியாகப் பின்வரிசையில் நடக்க வேண்டாம். வாய் கட்ட இல்லாவிட்டால் என்ன, நான் கூட நடக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அன்றைக்கே புறப்படுகிறேன்.

கட்டிங் மாஸ்டரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பதில் வரட்டும்.

உங்கள் மருமகள்


ஜூலை 2

அன்பு மருமகளுக்கு,

நடந்துவிட்டு வந்து சேர்ந்தேன். நலம். நான் புறப்பட்ட பிறகுதான் உன் கடிதம் வந்திருக்கிறது. ரேடியோக்காரர் வாங்கி வைத்திருந்தார். முன்னாலேயே வந்திருந்தாலும் வராதே என்றுதான் எழுதியிருப்பேன். நீ பக்கத்தில் இருந்தால் என்னால் நடந்திருக்க முடியாது.

நிறைகுடம் தலையில் கனக்கும், தெரியும் அல்லவா? கழுத்து வலிக்கிறது, தோள் வலிக்கிறது என்று வழியெல்லாம் புலம்புவோம். காலிக் குடம் கனமே இல்லை. இடுப்பில் வாய் கவிழ்த்து வைத்துக்கொண்டு நடந்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கீழே விட்டுவிட்டேனோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்னால் போனவர்கள் பாடினார்கள். பழக்கதோஷம், எனக்கும் பாட்டு வாய்க்கு வந்துவிட்டது. ஓட்டல்காரி கையைப் பிடித்து அழுத்தினாள். அப்போதுதான் நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. போன வருஷம் இவளை எப்படிப் பார்த்தேன், இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழி முழுக்கக் கையை விடவும் இல்லை.

முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெரியவள், "யாருக்கும்மா?" என்று கேட்டாள். பேரைச் சொல்ல வேண்டும். நாலு பேர் சாட்சியாகக் கேட்க வேண்டும். சொன்னேன். அவனைப் பெற்ற அன்றைக்கு முதல்முதலாகச் சொன்ன பேர். உரக்கத்தான் சொன்னேன். அப்புறம் மொள்ளக் குனிந்தபோது உப்புத்தாயிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொண்டேன். அது எனக்கும் அவளுக்கும்.

கொண்டுவந்து வாசற்படியில் ஊற்றினேன். தெருவே பார்த்தது. காய்ந்ததும் படியில் வெள்ளையாக உப்புப் படிந்தது. பின்சுவரில் கடலைப் பார்த்து அவனுக்காக வைத்திருந்த விளக்கையும் எடுத்துவிட்டேன். எல்லாம் முறைப்படி முடிந்தது.

இப்போது நீ யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. போய்ச் சொல். அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தால் பஸ் ஏறிப் போய்ச் சொல். வெட்கம் பார்க்காதே. வெட்கம் பார்த்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நான் வந்து உங்கள் இரண்டு பேர் வாசலிலும் உட்காருவேன்.

உன் அத்தை


செப்டம்பர் 15

என் அன்பு அத்தைக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், அதைத்தான் முதலில் வேண்டுகிறேன்.

கல்யாணம் எளிமையாக முடிந்தது. பட்டறை மாடியிலேயே எல்லாரும் கூடினார்கள். நீங்கள் வரவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது. விடுதியில் லீவு தரமாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேனேஜரைப் பற்றி எனக்குத் தெரியும், நீங்கள் கேட்கவே இல்லை. இவர் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறார். "இவ்ளோ தைரியமா எழுதுறவங்கள நேர்ல பாக்கணும்" என்கிறார். இரண்டு அறை வீடு. நல்லவர், அத்தை. நான் சில சமயம் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன என்று கேட்காமல், பக்கத்தில் வந்து அவரும் சும்மா உட்காருகிறார்.

சாமான் வாங்க வந்த ரேடியோக்காரர் கல்யாணத்துக்கு வந்து, நீங்கள் தைத்துக் கொடுத்தனுப்பிய தலையணை உறைகளைக் கொடுத்தார். உங்களைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான் பலகையைப் பற்றிக் கேட்டேன். அதைக் கண்டெடுத்தபோது நீங்கள் எப்படி இருந்தீர்கள், கூட யாராவது இருந்தார்களா என்று. அவர் விழித்தார். "எந்தப் பலக? அப்படி ஒண்ணும் ஒதுங்கலயேம்மா. ஒதுங்கியிருந்தா ஊரே கூடியிருக்குமே" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

அத்தை, பலகை வந்ததா?

இல்லை என்றால் நீங்கள் யார் பேரைச் சொன்னீர்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணை எடுத்துவிடுவாள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? நான் இந்த வீட்டில் சிரிக்கிறேன், அத்தை. சிரித்த பிறகு அது நினைவுக்கு வருகிறது.

அவருடைய நீல ஸ்வெட்டர் என் பெட்டியில் இருக்கிறது. இவர் இருக்கட்டும் என்கிறார். என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் மகள்


அக்டோபர் 6

அன்பு மகளுக்கு,

மகள் என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டு மேலே இருந்ததையெல்லாம் அப்புறம்தான் படித்தேன். நலம். முழங்காலும் நலம், நீ ரேடியோக்காரரிடம் கொடுத்தனுப்பிய தைலம் வாசனையாக இருக்கிறது. விரிப்பு மாற்றப் போனால் மாலுமிகள் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

ரேடியோக்காரர் பேச்சை நம்பாதே. நாள் முழுக்கக் காதில் இரைச்சலைக் கேட்பவர், தெருவில் யானை போனாலும் அவருக்குத் தெரியாது. பலகை வந்தது. நான் பார்த்தேன், அலை திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். இதை இனி கேட்காதே. சிரித்தால் முழுசாகச் சிரி. பாதியில் நிறுத்துவதாகக் கேள்விப்பட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மாப்பிள்ளையை உட்காரச் சொல். என் கடிதத்துக்கெல்லாம் எழுந்து நிற்க ஆரம்பித்தால் அவர் வேலை கெடும். சும்மா பக்கத்தில் உட்காருகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி எனக்குப் போதும். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடு, உனக்குப் பிடித்ததையும் சமைத்துச் சாப்பிடு. இருமல் வந்தால் வெந்நீர்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஓட்டல்காரி சாயங்காலம் வருகிறாள். கடலைப் பார்க்காமல் இரண்டு பேரும் தெருவைப் பார்த்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறோம். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, விடுதியில் இப்போது எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. ஸ்வெட்டரைக் கேட்டிருந்தாயே, மறந்துவிட்டேன். புது வீட்டில் அது வேண்டாம், எனக்கு அனுப்பிவிடு. யாருக்கும் கொடுத்துவிடாதே, நூலைப் பிரித்துவிடாதே. இங்கே குளிர்காற்று ஆரம்பித்துவிட்டது. வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பான்.